திருப்பிக் கொடுத்த மாம்பழப் பெட்டி

சென்ற மாதம் நகரசபை மண்டபத்தில் டேர்மட் கில்பேனுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நானும் போயிருந்தேன். என்னைப் போன்ற நரைத்த தலைகள் சில பின்வரிசையில் இருந்தோம். முன்வரிசை முழுவதும் அவரை நேரில் கண்டிராத இளம் கவுன்சிலர்கள். அவர்களில் யாழினி என்பவள் நம்முடைய தமிழ்ப் பிள்ளை, லண்டன் இல்ஃபோர்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் மேடையேறி ஒரு கதை சொன்னாள். கில்பேன் வீடமைப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்த காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் அவருக்கு ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்து கொடுத்ததாம். அவர் அதைத் தொடக்கூட மறுத்துத் திருப்பிக் கொடுத்தாராம். அப்படிப்பட்ட நேர்மையான மனிதர் என்று முடித்தாள். சனம் முதலில் சிரித்தது, பிறகு கைதட்டியது. நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில் யாழினி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்கள் அவரோட வேலை செய்தனீங்கள்தானே? புதுசா வாற ஸ்டாஃபுக்குக் குடுக்க ஒரு பக்கம் எழுதித் தாங்கோவன்."

"மாம்பழக் கதை ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?"

"அது எல்லாருக்கும் தெரியும், அங்கிள். சீனியர்ஸ் எப்பவும் சொல்லுறவை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளைக் கோபித்து என்ன பயன்? அவளுக்குச் சொன்னவர்களுக்கும் பாதிக் கதைதான் தெரியும். முன்பாதிக்கு ஒரு பக்கம் போதும். பின்பாதி ஒரு பக்கத்தில் அடங்காது. ஆகவே அவள் கேட்ட அளவை மறந்துவிட்டு எழுதுகிறேன். நீளம் என்றால் அவளே வெட்டிக்கொள்ளட்டும்.

என்னுடைய பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கியல் படிக்க என்று வந்தேன். பரீட்சை என்னை விட்டதா, நான் பரீட்சையை விட்டேனா என்று இன்றைக்கும் தெரியாது. கொஞ்சக் காலம் ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றேன். பிறகு கிழக்கு லண்டனில் ஒரு நகரசபைக் கந்தோரில் லிகிதராகச் சேர்ந்தேன். கவுன்சிலர்களுக்கு வரும் கடிதங்களைத் திறந்து பிரித்து, பதில் தட்டச்சுச் செய்து கொடுக்கும் பகுதி. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு நம்முடைய சனம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. ஒரு நாள் காலை கில்பேன் எங்கள் கந்தோர் வாசலில் வந்து நின்று, "இங்கே யாருக்குத் தமிழ் தெரியும்?" என்று கேட்டார். கையைத் தூக்கினேன். ஓய்வு பெறும் வரை அந்தக் கையை இறக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கில்பேன் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு ஏழைக் கமக்காரன் வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு லண்டனுக்கு வந்து, தெரு தோண்டும் கூட்டத்தோடு மண்வெட்டி பிடித்தவர். தொழிற்சங்கம், மாலை வகுப்பு, கட்சி, நகரசபை என்று ஒவ்வொரு படியாக ஏறியவர். நான் அவரிடம் போனபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். பெரிய உருவம். நல்ல சூட் போட்டிருந்தாலும் கைகள் மட்டும் தெரு தோண்டியவரின் கைகளாகவே இருந்தன.

லண்டனில் எங்காவது ஐரிஷ்காரர் வைத்த குண்டு வெடித்தால் அடுத்த நாள் எங்கள் கந்தோர் ரெலிபோன் ஓயாது. உன் முதலாளியைக் கப்பல் ஏற்றி அனுப்பு என்று கத்துவார்கள். என் குரலைக் கேட்டதும் நீயும் சேர்ந்து போ என்பார்கள். இதை அவரிடம் சொன்னால், "இரண்டு பேராகப் போனால் டிக்கெட் மலிவாக இருக்கும், சிவா," என்பார். சிரிப்புக்குச் சொன்னாலும் அந்த நாட்களில் அவர் பஸ்ஸில் வாய் திறந்து பேசமாட்டார். பேச்சைக் கேட்டால் ஊர் தெரிந்துவிடும் அல்லவா.

அவருடைய தாய் இறந்தபோது ஊருக்குப் போகப் புறப்பட்டவரைத் துறைமுகத்தில் பொலிஸ் மறித்து உள்ளே வைத்துக்கொண்டது. அந்தக் காலத்துச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் விட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது தாயை மண்ணுக்குள் வைத்து மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் தொகுதியில் யார் செத்தாலும் போய்விடுவார். வாக்குப் போட்டவர், போடாதவர், வெள்ளை, கறுப்பு என்று பார்ப்பதில்லை. செத்தவீட்டுக்குப் போகாத மனிதனோடு நம் சனமும் முகம் கொடுத்துப் பேசாது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை.

இனி அவர் வேலை செய்த விதம். கவுன்சிலர் தன் தொகுதிச் சனத்தை நேரில் சந்திக்கும் நேரத்தை இங்கே சர்ஜரி என்பார்கள். அவருடைய சர்ஜரி சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் பின்னறையில் நடக்கும். மேசைக்குப் பின்னால் இருக்கமாட்டார். மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டுக் கதிரையை வந்தவருக்குப் பக்கத்தில் போடச் சொல்வார். குறிப்பு எழுதுவது என் வேலை. அவருடைய கைகள் முழங்காலில் இருக்கும். உங்கள் பிரச்சினை என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. "நான் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்றுதான் தொடங்குவார். முழுவதையும் கேட்டுவிட்டு, அதையே தன் வாயால் திருப்பிச் சொல்லி, நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று கேட்பார். அவர்கள் ஓம் என்ற பிறகுதான் பதில் சொல்வார். அநேகமான பதில், "விசாரித்துச் சொல்கிறேன்." அதற்கு மேல் வாக்குக் கொடுக்கமாட்டார்.

நான் ஒருமுறை அழுதுகொண்டிருந்த ஒரு தாய்க்கு, கவலைப்படாதேங்கோ அம்மா என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் என் குரலில் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும், "கவலைப்படாதே என்று சொன்னாயா? அது நம்மிடம் இல்லாத பொருள், சிவா. இல்லாததைக் கொடுக்காதே," என்றார். கண்டிப்பான ஆள். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. அவருடைய விதி என்றால் சொந்த விருப்பம் அல்ல. வீடமைப்புக் குழுவில் அவரே கொண்டுவந்து நிறைவேற்றியது. வீடு கேட்டு வருகிறவர் ஒரு கவுன்சிலருக்குப் பரிசு நீட்டினால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அதை அந்த இடத்திலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்தக் கவுன்சிலர் அந்தக் குடும்பத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எல்லாம் அதிகாரிகளின் பொறுப்பு. இந்த விதியால் அவருடைய கட்சிக்காரர் ஒருவரே பதவி இழந்தார். சிநேகிதர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்த ஆள். பதவி போனவரின் கூட்டாளிகள் கில்பேன் எப்போது சறுக்குவார் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

நம் சனத்துக்கோ ஒருவரைப் பார்க்க வெறுங்கையோடு போகத் தெரியாது. வாழைப்பழச் சீப்பு, வடைப் பொதி, கோயில் பிரசாதம், தேயிலைப் பெட்டி என்று ஏதாவது கையில் இருக்கும். ஆகவே நான் நூலக வாசலிலேயே நிற்பேன். "அண்ணை, அதை இதிலை வையுங்கோ, போகேக்கை எடுங்கோ," என்று நூலகப் பெண்ணின் மேசையில் வைப்பித்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். சில சனிக்கிழமைகளில் அந்த மேசையைப் பார்த்தால் அவள் ஒரு பலசரக்குக் கடையே திறந்திருக்கலாம். கில்பேனுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

எண்பதுகளின் பின்பாதியில், ஒரு கோடைகாலச் சனிக்கிழமை, தவராசாவும் மனைவி மலரும் வந்தார்கள். வடமராட்சிப் பக்கத்து ஆட்கள். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. தவராசா பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். நகரசபையின் மாடிக் குடியிருப்பு ஒன்றில் தரைத்தள வீடு கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி வந்திருந்தார்கள். அவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், அவள் பட்டுச்சேலை. நம் சனம் துன்பத்தைச் சொல்லப் போகும்போதுதான் இருப்பதில் நல்லதாக உடுத்தும். அவர் கையில் ஒன்றும் இல்லை. அவள் பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்க நான் சுங்க அதிகாரி இல்லை. உள்ளே விட்டேன்.

கில்பேன் வழக்கம்போல, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"பெரிசா ஒண்டுமில்லை, ஐயா," என்றார் தவராசா. "வேறை எங்கையும் ஒரு வீடு கிடைச்சால் நல்லம்."

"அங்கே என்ன குறை?"

"குறை எண்டில்லை. சமாளிச்சுக்கொண்டு இருக்கிறம்."

நான் மொழிபெயர்த்தேன். கில்பேன் அவரைப் பார்க்கவில்லை, மலரைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்தபடியே சொல்லத் தொடங்கினாள்.

"கதவிலை கடிதம் போடுற ஓட்டையாலை மலத்தைத் தள்ளிவிடுறாங்கள், அண்ணை. யன்னலை ரெண்டு தரம் உடைச்சாச்சு. பிள்ளைக்கு மேலை துப்பினவங்கள். போன கிழமை பேப்பரைக் கொளுத்தி உள்ளுக்குப் போட்டவங்கள். இவர் நித்திரை. நான் காலாலை மிதிச்சு நூத்தனான்."

தவராசா அவளை ஒருமுறை பார்த்தார். இவ்வளவையும் வெளியில் சொல்லுகிறாயே என்ற பார்வை. நான் ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கில்பேன் அதைத் திருப்பித் தன் வாயால் சொன்னார். கொளுத்திய பேப்பர் என்ற இடத்தில் நிறுத்தி, "எரிந்துகொண்டிருந்ததா?" என்று மறுபடி கேட்டார். மலர் தலையாட்டினாள். பிறகு, நான் அதுவரை அவர் வாயில் கேட்டிராத வசனத்தைச் சொன்னார். "இதை நானே எடுத்துச் செய்கிறேன். திங்கட்கிழமை காலை நானே வீடமைப்புப் பகுதிக்குப் போகிறேன்."

நான் தமிழில் சொன்னதும் தவராசாவின் முகம் விடிந்துவிட்டது. எழுந்து கைகூப்பினார். மலர் குனிந்தாள். வண்டிக்குக் கீழே பிள்ளையின் போர்வையால் மூடி வைத்திருந்த ஒரு பெட்டியை இழுத்து எடுத்து, கில்பேனின் காலடியில் வைத்து மூடியைத் திறந்தாள். மாம்பழம். அறை முழுக்க வாசம். கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த வரிசையில், பதவி இழந்த கவுன்சிலரின் மைத்துனியும் இருந்தாள்.

கில்பேனின் முகம் சிவந்தது. எழுந்து நின்றார். விதிப்படி, எல்லோருக்கும் கேட்க, தனக்கு ஒரு பரிசு நீட்டப்பட்டது, தான் வாங்கவில்லை, இந்த விஷயத்திலிருந்து விலகுவதாகச் சொன்னார். மலர் என்னைப் பார்த்தாள்.

"என்ன அண்ணை சொல்லுறார்?"

எப்படிச் சொல்வது? சொன்னேன்.

"கூடிப் போச்சோ, குறைஞ்சு போச்சோ?" என்று கேட்டாள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தவராசா பெட்டியை மூடித் திரும்ப வண்டிக்குக் கீழே வைத்தார்.

சர்ஜரி முடிந்து காரில் போகும்போது நான் பொறுக்கமாட்டாமல் சண்டைக்குப் போனேன். "அது லஞ்சம் இல்லை. நீங்கள் ஓம் என்ற பிறகுதானே எடுத்து வைத்தாள். எங்கள் ஊர் வழக்கம் அது."

"எல்லா ஊரிலும் அது வழக்கம்தான், சிவா," என்றார். பிறகு காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். அவர்கள் இருந்த வீடு ஈரத்தில் ஊறிய வீடு. அரசாங்க வீடு கேட்டு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தகப்பன் ஒரு வாத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளூர் அரசியல்வாதியின் வாசலுக்குப் போவாராம். வாத்து உள்ளே போகும், தகப்பன் வெளியே நிற்பார். வீடு அவரைவிட வசதியானவனுக்குப் போனது. கில்பேனின் தங்கை அந்த ஈர வீட்டிலேயே நெஞ்சு நோய் கண்டு செத்தாள். "யாரும் என் வாசலுக்கு வாத்தோடு வரக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன்," என்றார். ஆனால் என் ஆத்திரம் அடங்கவில்லை.

விஷயம் வீடமைப்புப் பகுதிக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. வேறு குடும்பம் என்றால் ஒரு அதிகாரி துணிந்து முன்னுக்கு எடுத்திருப்பார். இந்தக் குடும்பத்தை எடுக்க எல்லோருக்கும் பயம். பொறுப்பான அதிகாரியிடம் நானே போனேன். நல்ல மனிதர்தான். "தலைவர் எல்லோர் முன்னாலும் விலகியிருக்கிறார். இப்போது நாங்கள் இவர்களுக்கு வீடு கொடுத்தால் மாம்பழம் வேலை செய்துவிட்டது என்பார்கள். பொலிஸ் முறைப்பாடு இருந்தால் கொண்டுவா, பார்க்கலாம்," என்றார்.

பொலிஸ் முறைப்பாடு ஒன்றுகூட இல்லை. தவராசாவிடம் கேட்டேன்.

"பொலிசுக்கோ? அண்ணை, ஊரிலை எங்கட தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது பொலிஸ்தான். திரும்பி வரேல்லை. இஞ்சை எங்கட கேஸும் முடியேல்லை. நாங்கள் போய் நிண்டால் எங்களைத்தான் பிரச்சினைக்காரர் எண்டு எழுதுவினம்."

வற்புறுத்தி ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். யார் செய்தது, முகம் தெரியுமா, பெயர் தெரியுமா என்று கேட்டார்கள். கதவுக்கு வெளியில் நின்று செய்கிறவனின் முகம் உள்ளே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? பெயர் தெரியாவிட்டால் தாங்கள் செய்வதற்கு அதிகமில்லை என்றார்கள். தவராசா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னேன்தானே என்ற சிரிப்பு.

இலையுதிர்காலம் வந்தது. நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இருந்தது. கில்பேனைத்தான் எடுப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மண்வெட்டி பிடித்தவர் நாடாளுமன்றம் போகப் போகிறார் என்று எங்கள் கந்தோரில் பெருமையாகப் பேசிக்கொண்டோம். ஒரு நாள் நகரசபைப் படிக்கட்டில் அவரை மறித்தேன்.

"அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு தரம் ரெலிபோன் எடுங்கள். போதும்."

"அதைத் தவிர வேறு எதையும் கேள்."

"நீங்கள் போட்ட விதிதானே. நீங்களே உடைக்கலாம்."

"நான் போட்டதால்தான் என்னால் உடைக்க முடியாது." அவர் குரல் தாழ்ந்திருந்தது. நித்திரை இல்லாத கண்கள். அவருக்கும் அது உள்ளே அரித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன? மலரின் கதவில் அந்த ஓட்டை அப்படியேதான் இருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் இங்கே வாணவேடிக்கைக் கிழமை. பின்னேரம் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும், தெருவெங்கும் வெடிச் சத்தம். அப்படி ஒரு பின்னேரம் மலர் பிள்ளையோடு கடைக்குப் போயிருந்தாள். தவராசா இரவு ஷிப்டுக்குப் போகுமுன் படுத்திருந்தார். யாரோ அந்த ஓட்டையால் பெற்றோலை ஊற்றி வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தத்தைக் கேட்டும் வாணவேடிக்கை என்று இருந்துவிட்டார்கள். மலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. தவராசா புகையில் செத்துப் போயிருந்தார். படுக்கையறை யன்னலுக்குக் கீழேயே விழுந்து கிடந்தாராம். உடைத்தது போதும் என்று அந்த யன்னலுக்கு அவர்தான் பலகை அடித்து வைத்திருந்தார்.

எனக்கு அடுத்த நாள் காலை கந்தோரில்தான் தெரியவந்தது. கில்பேனின் அறைக்குப் போனேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மேசைக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வாசலில் நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மலருக்கும் பிள்ளைக்கும் அந்தக் கிழமையே வீடு கிடைத்தது. சாவியை ஒரு அதிகாரி அவர்கள் தங்கியிருந்த இடம் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். கில்பேன் அடுத்த குழுக் கூட்டத்தில் தன் விதியைத் தானே மாற்றினார். பரிசு நீட்டப்பட்ட விஷயம் அன்றைக்கே இன்னொரு கவுன்சிலரின் கைக்குப் போக வேண்டும், அதைக் காரணம் காட்டி யாரும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று. மாற்றிவிட்டுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். நாடாளுமன்ற வேட்பாளர் தெரிவுக்கும் போகவில்லை. கட்சிக்காரர்கள் கெஞ்சினார்கள், இது உங்கள் பிழை இல்லை என்று எழுதிக்கூடக் கொடுத்தார்கள். அந்தத் தொகுதியில் வேறொருவர் நின்று வென்று போனார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை கில்பேன் சாதாரணக் கவுன்சிலராக இருந்து, பிறகு ஒரு தேர்தலில் தோற்று வீட்டில் இருந்தார். தீ வைத்தவர்கள் யாரென்று கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

இனி மிஞ்சியிருப்பது செத்தவீடு.

மரண விசாரணைக்காகப் பிரேதத்தை வைத்துக்கொண்டு விடவில்லை. மனோர் பார்க்கில் மலரின் தமையன் ரவியின் வீட்டில், பிரேதம் இல்லாமலே செத்தவீடு நடந்தது. கில்பேன் தானும் வர வேண்டும் என்றார். கட்சியில் எல்லோரும் தடுத்தார்கள். வேட்பாளர் தெரிவு முடியட்டும், பத்திரிகைக்காரர் நிற்பார்கள், சனம் கல்லால் எறியும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். பின் ஆசனத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொதி இருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

"பாண். என் மனைவி மாப் பிசைந்து சுட்டது," என்றார். "எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. காரைக் கிளப்பினார்.

வாசலில் நின்ற ஆம்பிளைகள் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ரவி முன்னால் வந்தான்.

"இவர் ஏன் வந்தவர்?"

"செத்தவீட்டுக்கு வந்தவர்."

"படம் எடுக்க ஆக்களும் வருகினமோ?"

"இல்லை. நாங்கள் ரெண்டு பேரும்தான்."

ரவி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு வழிவிட்டான். கில்பேன் படியில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே தளபாடங்களை எடுத்துவிட்டு நிலத்தில் வெள்ளை விரித்திருந்தார்கள். ஒரு கதிரையில் தவராசாவின் படம், அதற்கு முன்னால் விளக்கு. அந்தப் படத்திலும் அவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கில்பேன் தன் கோயில் முறைப்படி ஒரு முழங்காலை ஊன்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்களின் அழுகை அடங்கி, எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

மலர் சுவரோடு சாய்ந்து இருந்தாள். பிள்ளை அவள் மடியில் நித்திரை. அவர் அவளுக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்து, பொதியைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் பாணைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, இதை வாங்கினால் பிழை வராதோ எண்டு அவரிட்டைக் கேளுங்கோ."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். இந்த நாட்டில் எதை வாங்கலாம், எதைக் கொடுக்கலாம் என்று அவளுக்கு இனி யார் சொல்லிக் கொடுப்பது?

கில்பேன் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்க எனக்கு ஒரு நிமிடம் மனம் வந்தது. ஆனால் அவர்தான் இல்லாததைக் கொடுக்காதே என்று சொன்னவர். அவள் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "அந்தப் பழங்களை நான் வாங்கியிருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்," என்றார்.

சொன்னேன். மலர் பாணை வாங்கித் தன் பக்கத்தில் வைத்தாள்.

"நல்ல பழம், ஐயா," என்றாள் என்னைப் பார்க்காமல், நேரே அவரைப் பார்த்து, அவருக்குத் தமிழ் விளங்கும் என்பது போல. "அவர் கடையிலை நிண்டு ஒவ்வொண்டாப் பாத்துத் தெரிஞ்செடுத்தவர். திரும்பிக் கொண்டு போனாப் பிறகு எங்களையும் தொட விடேல்லை. ஐயாவுக்கெண்டு வாங்கினது, நாங்கள் தின்னக் கூடாது எண்டவர். பெட்டியோட அப்பிடியே பழுதாப் போச்சுது."

அதையும் நான் ஒரு சொல் விடாமல் அவருக்குச் சொன்னேன்.